எப்போதும் அசதியாக இருப்பவர்களுக்கு உடற்பயிற்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உடற்பயிற்சி என்றாலே பலருக்கு எடை குறைப்பதுதான் நினைவுக்கு வரும். எடையை விடுங்கள். சாயங்காலம் ஆனாலே உடம்பு துவண்டு போகிறது, ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் படுத்திருந்தும் தெம்பு வரவில்லை என்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அன்றாடத் தெம்பும் நீண்ட கால ஆரோக்கியமும் இரண்டு தனித்தனிப் பலன்கள் அல்ல. உடம்புக்குள் நடக்கும் ஒரே மாற்றம்தான் இன்றைக்குத் தெம்பாகவும் இருபது வருடம் கழித்து ஆரோக்கியமாகவும் தெரிகிறது.

ஏற்கெனவே களைத்துப் போயிருக்கிறேன். இதில் உடற்பயிற்சியும் செய்தால் இன்னும் களைப்பாகாதா?

அந்த அரை மணி நேரத்துக்குக் களைப்பு வரும், உண்மைதான். ஆனால் சில வாரம் போன பிறகு கதை மாறிவிடும்.

உடம்பை நாம் போன் பேட்டரி மாதிரி நினைத்துக்கொள்கிறோம். குறைவாகச் செலவழித்தால் நிறைய மிஞ்சும் என்று கணக்குப் போடுகிறோம். உடம்பின் கணக்கு வேறு. எவ்வளவு வேலை வாங்குகிறோமோ அதற்கு ஏற்ற அளவுதான் அது தன்னைத் தயார் செய்து வைத்துக்கொள்ளும். வேலையே கொடுக்காவிட்டால் இருக்கிற வசதியையும் ஒவ்வொன்றாகக் கழித்துவிடும்.

அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் ஆய்வு 2008-ல் வெளிவந்தது. உடற்பயிற்சிப் பழக்கமே இல்லாத, எந்நேரமும் அசதியாக இருப்பதாகச் சொன்ன 36 இளைஞர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு ஓரளவு வேகமாகவும், இன்னொரு குழு மிக மெதுவாகவும் சைக்கிள் இயந்திரத்தில் மிதித்தது. வாரம் மூன்று நாள், ஒரு தடவைக்கு 20 நிமிடம், மொத்தம் ஆறு வாரம். மூன்றாவது குழு எதுவும் செய்யவில்லை. மிதித்த இரண்டு குழுவுக்குமே தெம்பு சுமார் 20 சதவீதம் கூடியது. அசதி குறைந்ததில்தான் ஆச்சரியம்: ஓரளவு வேகமாக மிதித்தவர்களுக்கு 49 சதவீதம், மெதுவாக மிதித்தவர்களுக்கு 65 சதவீதம்.

சிறிய ஆய்வுதான். ஆனால் இதே ஆராய்ச்சியாளர்கள் அதற்கு முன்பு 70 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் முடிவு இதே பக்கம்தான் சாய்ந்தது. நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது ஒன்றே ஒன்று: அசதியோடு ஆரம்பிப்பவர் கஷ்டப்பட்டுச் செய்ய வேண்டியதில்லை. மெதுவாகச் செய்வதே அவருக்கு நல்லது.

அந்தத் தெம்பு உடம்பில் எங்கிருந்து வருகிறது?

தசை செல்களுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்று நுண்ணிய உறுப்புகள் உண்டு. சாப்பிட்டதிலிருந்து வரும் சர்க்கரையையும் கொழுப்பையும் ஆக்சிஜனோடு சேர்த்து, உடம்பு செலவழிக்கக்கூடிய சக்தியாக மாற்றுவது இவைதான். 1967-ல் ஜான் ஹொலோசி என்ற விஞ்ஞானி எலிகளைச் சில மாதம் டிரெட்மில்லில் ஓடவிட்டு அவற்றின் தசையைச் சோதித்தார். ஆக்சிஜனைப் பயன்படுத்திச் சக்தி உண்டாக்கும் திறன் சும்மா இருந்த எலிகளைவிட ஏறத்தாழ இரண்டு மடங்காகியிருந்தது. மனிதத் தசையும் இப்படித்தான் மாறும் என்பது பின்னால் உறுதியானது.

மாறுவது தசை மட்டும் இல்லை. ரத்தத்தின் திரவப் பகுதி கூடுகிறது. தசைக்குள் போகும் மெல்லிய ரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக ரத்தத்தை வெளியே தள்ளப் பழகிவிடுகிறது. அதனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போது அது குறைவாகத் துடித்தாலே போதும். நன்றாகப் பயிற்சி எடுத்த ஓட்டக்காரர்களுக்கு நிமிடத்துக்கு 40, 50 துடிப்பு என்பது சாதாரணம்.

இதெல்லாம் அன்றாடத்தில் எப்படித் தெரியும்? ஒரே எடையுள்ள இரண்டு பேர் மூன்றாவது மாடிக்கு ஏறுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்குப் பழக்கமில்லை. இரண்டாவது மாடித் திருப்பத்திலேயே கை தானாகக் கைப்பிடியைத் தேடுகிறது. பேசிக்கொண்டு வந்த வாக்கியம் பாதியில் நிற்கிறது. மேலே போய்ப் பூட்டில் சாவியைப் போடும்போதும் நெஞ்சு அடித்துக்கொண்டே இருக்கிறது. இன்னொருவர் பேச்சை நிறுத்தாமல் ஏறிவிடுகிறார். இருவரும் தூக்கிச் சென்ற எடை ஒன்று, ஏறிய உயரம் ஒன்று, செய்த வேலையும் ஒன்றுதான். ஆனால் முதலாமவருக்கு அது தன் முழுத் திறனில் பெரும்பங்கு, அடுத்தவருக்குச் சிறு பங்கு. காலையிலிருந்து இரவு வரை ஒவ்வொரு வேலையும் இப்படிப் பெரும்பங்கைக் கேட்டால், சாயங்காலம் அசதியாகத்தான் இருக்கும். வேலையைக் குறைத்துக்கொள்ள எல்லோராலும் முடியாது. திறனைக் கூட்டிக்கொள்ளலாம்.

பலன் தெரிய எத்தனை நாள் ஆகும்?

மனசு லேசாவது அன்றைக்கே தெரியும். அன்று இரவுத் தூக்கமும் பலருக்குக் கொஞ்சம் ஆழமாக இருக்கும். ரத்தத்தின் திரவ அளவு ஓரிரு வாரத்திலேயே கூடிவிடும். மாடி ஏறும்போது மூச்சு வாங்குவது குறைந்திருப்பதைப் பெரும்பாலானவர்கள் மூன்று நான்கு வாரத்தில் கவனிப்பார்கள். ஆறிலிருந்து எட்டு வாரத்தில் தசையின் உள்மாற்றம் நன்றாகத் தெரிய ஆரம்பிக்கும். சுகர் இருப்பவர்கள் மூன்று மாத சராசரிப் பரிசோதனையில்தான் வித்தியாசத்தைப் பார்க்க முடியும். அந்தப் பரிசோதனையின் தன்மையே அப்படி.

முதல் இரண்டு வாரத்தைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பழக்கமில்லாத தசையில் ஒன்று முதல் மூன்று நாள் வரை வலி இருக்கும். செய்தபோது ஒன்றும் தெரியாது, மறுநாள் படி இறங்கும்போது தொடை பிடித்துக்கொள்ளும். 'எனக்கு இது ஒத்துக்கொள்ளவில்லை' என்று பலர் விட்டுவிடுவது இந்த இடத்தில்தான். அந்த வலி தானாகப் போய்விடும். அதே பயிற்சியை அடுத்த வாரம் செய்தால் அவ்வளவு வலிக்காது.

இது நோய் வராமல் காக்கும் என்பதற்கு என்ன ஆதாரம்?

ஆதாரம் நிறைய இருக்கிறது. முதலில் வந்தவற்றில் ஒன்று லண்டன் பேருந்துகளிலிருந்து கிடைத்தது. ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவும் அந்த நகரத்தின் இரட்டை மாடிப் பேருந்துகளில் வேலை பார்த்தவர்களைக் கவனித்தார்கள். ஓட்டுநர் வேலை நேரம் முழுக்க உட்கார்ந்திருப்பார். நடத்துநர் டிக்கெட் கொடுக்கப் படிகளில் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். இருவரும் ஒரே நிறுவனத்தில், ஒரே வண்டியில் வேலை செய்பவர்கள். 1953-ல் முடிவுகள் வெளியாயின. மாரடைப்பு நடத்துநர்களுக்குக் குறைவாகவும் ஓட்டுநர்களுக்கு அதிகமாகவும் வந்திருந்தது. அஞ்சல் துறையிலும் நடந்து கடிதம் கொடுத்தவர்களுக்கும் உட்கார்ந்து வேலை செய்தவர்களுக்கும் இடையே இதே வித்தியாசம் இருந்தது.

'ஆரோக்கியமானவர்தானே நடத்துநர் வேலைக்கு வந்திருப்பார்?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மோரிஸ் குழுவே சீருடை அளவுகளைத் தேடிப் பார்த்தது. ஓட்டுநர்களின் இடுப்பளவு பெரிதாக இருந்தது தெரியவந்தது. ஆகவே அந்த ஓர் ஆய்வை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது.

அதனால்தான் அமெரிக்காவில் நடந்த நீரிழிவுத் தடுப்பு ஆய்வு முக்கியமானது. சுகர் வரும் நிலையில் இருந்த 3,234 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். யார் எந்தக் குழுவுக்குப் போவது என்பதை அவர்களும் தேர்ந்தெடுக்கவில்லை, மருத்துவர்களும் தேர்ந்தெடுக்கவில்லை. ஒரு குழுவுக்கு வாரம் 150 நிமிட உடற்பயிற்சியும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும், 7 சதவீத எடை குறைப்பு இலக்கும் தரப்பட்டன. இன்னொரு குழுவுக்குச் சுகருக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை. மூன்றாவது குழுவுக்கு மருந்தே இல்லாத, ஒப்பிடுவதற்கான போலி மாத்திரை. 2002-ல் வெளியான முடிவு: போலி மாத்திரைக் குழுவோடு ஒப்பிட்டால், மெட்ஃபார்மின் எடுத்தவர்களுக்கு நீரிழிவு வருவது 31 சதவீதம் குறைந்தது. வாழ்க்கை முறையை மாற்றியவர்களுக்கு 58 சதவீதம் குறைந்தது. இதில் சாப்பாட்டுக்கும் பங்கு உண்டு, எல்லாப் பெருமையையும் உடற்பயிற்சிக்கே கொடுக்க முடியாது.

காரணம் ஓரளவு தெளிவாகவே தெரியும். சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையைப் பெருமளவு வாங்கிக்கொள்வது தசைதான். சும்மா இருக்கும் தசைக்கு இன்சுலின் வந்து கதவைத் திறக்க வேண்டும். சுருங்கி விரியும் தசையோ இன்சுலினுக்குக் காத்திருக்காமல் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். பயிற்சி முடிந்த பிறகும் ஒன்றிரண்டு நாள் வரை அது இன்சுலினுக்கு நன்றாகக் கட்டுப்படும். ஒரு நாள் மூச்சு வாங்க ஓடிவிட்டு ஐந்து நாள் சும்மா இருப்பதைவிட, ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது செய்வது நல்லது என்பது இதனால்தான்.

பிரஷர் இருப்பவர்களுக்குத் தொடர்ந்த நடை, சைக்கிள் போன்றவற்றால் மேல் அளவு 5 முதல் 8 புள்ளி வரை இறங்குவதுண்டு. பெருங்குடல், மார்பகப் புற்றுநோய்கள் வரும் வாய்ப்பும் குறைகிறது. எலும்பும் தன் மேல் விழும் பாரத்துக்கு ஏற்பவே உறுதியாகிறது.

ஒன்றுமே செய்யாமல் ஓய்வாக இருந்தால் என்ன கெட்டுவிடும்?

1966-ல் அமெரிக்காவின் டாலஸ் நகரில், 20 வயதுள்ள ஐந்து ஆரோக்கியமான இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே இருக்க வைத்தார்கள். உடம்பு அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் என்ற அளவு கால் பங்குக்கும் மேல் இறங்கிவிட்டது. முப்பது வருடம் கழித்து அதே ஐந்து பேரைக் கூப்பிட்டுச் சோதித்தார்கள். எடை கூடி, நடுவயது வந்துவிட்ட பிறகும், முப்பது வருட மூப்பு செய்த சேதத்தைவிட அந்த மூன்று வாரப் படுக்கை செய்த சேதமே அதிகம் என்று தெரிந்தது. அப்புறம் அவர்களுக்கு ஆறு மாதம் நடை, மெல்லோட்டம், சைக்கிள் என்று பயிற்சி கொடுத்தார்கள். ஐம்பது வயதில் அவர்களுடைய அளவு இருபது வயதில் படுக்கைக்கு முன்பு இருந்த இடத்துக்குத் திரும்பி வந்தது.

ஐந்தே பேர்தான். இருந்தாலும், 'வயசாயிடுச்சு, அவ்வளவுதான்' என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்த ஐந்து பேர்தான் ஞாபகம் வருகிறார்கள்.

ஒரு வாரத்துக்கு எவ்வளவு செய்ய வேண்டும்?

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது: பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான உடலுழைப்பு. அதோடு வாரம் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி.

மிதமா, கடுமையா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் மிதம். நாலு வார்த்தை பேசுவதற்குள் மூச்சு வாங்கினால் கடுமை.

பத்தாயிரம் காலடி கட்டாயமா?

இல்லை. அந்த எண் மருத்துவ ஆய்விலிருந்து வந்தது அல்ல. 1960-களில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு காலடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. சராசரி 72 வயதுள்ள பெண்களை வைத்து 2019-ல் வெளியான ஓர் ஆய்வில், நாளுக்குச் சுமார் 2,700 காலடி நடந்தவர்களைவிட 4,400 காலடி நடந்தவர்களின் இறப்பு விகிதம் தெளிவாகக் குறைந்திருந்தது. 7,500 வரை பலன் கூடிக்கொண்டே போய், அதற்கு மேல் அப்படியே நின்றது. ஒன்றுமே செய்யாதவர் கொஞ்சம் செய்ய ஆரம்பிக்கும்போதுதான் பெரிய பலன் கிடைக்கிறது. ஏற்கெனவே 8,000 நடப்பவர் பத்தாயிரம் ஆகவில்லையே என்று இரவு பதினோரு மணிக்கு வீட்டுக்குள் சுற்ற வேண்டாம், தூங்கப் போகலாம்.

நேரமே இல்லையே?

ஒரு தடவைக்குக் குறைந்தது 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்று முன்பு சொன்னார்கள். 2020 வழிகாட்டுதலில் அது இல்லை. இரண்டு நிமிடம் வேகமாக மாடி ஏறியதும் கணக்கில் சேரும். போன் பேசிக்கொண்டே நடப்பதும் சேரும்.

காலையா, மாலையா?

உங்களால் விடாமல் செய்ய முடிகிற நேரம் எதுவோ அது. தூங்கப் போவதற்குச் சற்று முன்பு கடுமையாகச் செய்வதை மட்டும் தவிர்த்தால் போதும்.

வாக்கிங் மட்டும் போதுமா?

இதயத்துக்கும் சுகருக்கும் நடை அருமையானது. ஆனால் நடையால் மட்டும் தசையைக் காப்பாற்ற முடியாது. முப்பது வயதுக்குப் பிறகு பத்து வருடத்துக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது. அறுபதுக்கு மேல் இன்னும் வேகமாகக் குறையும்.

வயதானவர் ஒருவர் தாழ்வான நாற்காலியிலிருந்து எழுவதைக் கவனித்துப் பாருங்கள். முதலில் முன்னால் நகர்ந்து விளிம்புக்கு வருவார். இரண்டு கையையும் தொடையில் ஊன்றுவார். ஒரு தடவை ஆடி, வேகம் எடுத்து, பிறகுதான் எழுவார். முழங்கால் வலிதான் காரணம் என்று நினைப்போம். பல சமயம் காரணம் தொடைத் தசையில் வலு இல்லாததுதான். இந்த வலு போனால் கழிப்பறைக்குப் போக, படியேற, தடுக்கினால் சமாளித்து நிற்க என்று ஒவ்வொன்றுக்கும் இன்னொருவர் கை தேவைப்படும். மருந்துச் சீட்டில் இந்த இழப்பு எழுதப்படுவதே இல்லை என்பதுதான் என் ஆதங்கம்.

வலு திரும்பி வரும். 1994-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், முதியோர் இல்லத்தில் இருந்த, சராசரி 87 வயதான, மிகவும் பலவீனமான 100 பேர் கலந்துகொண்டார்கள். பத்து வாரம் கால் தசைகளுக்கு எடைப் பயிற்சி செய்தவர்களின் வலு இரண்டு மடங்குக்கும் மேல் கூடியது. நடை வேகமும் கூடியது.

வீட்டில் ஆரம்பிக்க நாற்காலியே போதும். கையை மார்பில் கட்டிக்கொண்டு பத்துத் தடவை உட்கார்ந்து எழுங்கள். உட்காரும்போது பொத்தென்று விழாமல் மெதுவாக இறங்குவதுதான் இதில் முக்கியம். அடுத்தது சுவரில் கை ஊன்றித் தண்டால். சுலபமாகிவிட்டால் சுவருக்குப் பதில் மேசை விளிம்பு, அப்புறம் தரை. வயதானவர்கள் ஒற்றைக் காலில் நிற்பது போன்ற சமநிலைப் பயிற்சியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பிடித்துக்கொள்ள அருகில் சுவரோ நாற்காலியோ இருக்கட்டும்.

நாள் முழுக்க உட்கார்ந்து வேலை. சாயங்கால உடற்பயிற்சி அதைச் சரிக்கட்டுமா?

ஓரளவு. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களைச் சேர்த்து 2016-ல் வெளியான ஆய்வு, தினமும் 60 முதல் 75 நிமிடம் மிதமான உழைப்பு இருந்தால் எட்டு மணி நேரத்துக்கு மேல் உட்காருவதால் கூடும் இறப்பு ஆபத்து ஏறக்குறைய நீங்கிவிடுவதாகச் சொல்கிறது. அவ்வளவு நேரம் பலருக்குக் கிடைக்காது. ஆகவே அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து இரண்டு நிமிடம் நடங்கள். சாப்பிட்டவுடன் கொஞ்சம் நடந்தால் சர்க்கரை ஏறும் வேகமும் மட்டுப்படும், மத்தியான மந்தமும் குறையும்.

இரண்டு மாதமாகச் செய்கிறேன், எடை குறையவே இல்லை. வீண்தானா?

வீண் இல்லை. உடற்பயிற்சியால் மட்டும் எடை குறைவது கொஞ்சம்தான், அதற்குச் சாப்பாட்டைத்தான் கவனிக்க வேண்டும். மேலே சொன்ன இதயம், தசை, சர்க்கரை மாற்றங்கள் எடை மெஷினில் தெரியாது. எடையைப் பார்த்துவிட்டுப் பயிற்சியை நிறுத்துபவர்களைக் கண்டால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். காலை எழுந்ததும் நாடித் துடிப்பை எண்ணி எழுதி வையுங்கள். பல வாரம் கழித்து அது இறங்கியிருந்தால், உள்ளே வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

எந்த அசதிக்கு உடற்பயிற்சி தீர்வு இல்லை?

ரத்த சோகை, தைராய்டு குறைபாடு, கட்டுப்பாட்டில் இல்லாத சுகர், குறட்டையோடு தூக்கத்தில் மூச்சு தடைபடுவது, மனச்சோர்வு, சில மருந்துகள் என்று அசதிக்குப் பல காரணம் உண்டு. நன்றாகத் தூங்கியும் வாரக்கணக்கில் அசதி போகவில்லை என்றால் முதலில் மருத்துவரைப் பார்த்து ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஹீமோகுளோபின் குறைவாக இருப்பவர் அதைச் சரிசெய்யாமல் ஓட ஆரம்பித்தால் கஷ்டம்தான் கூடும். மனச்சோர்வுக்கு உடற்பயிற்சி நன்றாகவே உதவும், ஆனால் சிகிச்சையை நிறுத்திவிட்டு அதை மட்டும் நம்பக் கூடாது.

நாள்பட்ட சோர்வு நோய் என்று ஒன்று தனியாக இருக்கிறது. அதில் சிறிய உழைப்புக்குப் பிறகும் ஒன்றிரண்டு நாள் கழித்து நிலைமை மோசமாகிவிடும். அவர்களிடம் 'கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போங்கள்' என்று சொல்வது தவறு. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல் அமைப்பும் 2021-ல் அந்த அறிவுரையைக் கைவிட்டது. இந்தப் பக்கத்தில் உள்ள பொதுவான யோசனைகள் அவர்களுக்குப் பொருந்தாது.

பயிற்சியின்போது நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, தலைசுற்றல், மயக்கம், வழக்கத்துக்கு மாறான மூச்சுத் திணறல் வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவ உதவிக்குப் போக வேண்டும். இதய நோய் இருப்பவர்களும், இன்சுலின் போடுபவர்களும், கர்ப்பிணிகளும் மருத்துவரிடம் பேசிவிட்டு ஆரம்பிப்பது நல்லது. காய்ச்சல் அடிக்கும்போது ஓய்வு எடுங்கள்.

ஆரம்பிக்கிறேன், விட்டுவிடுகிறேன். மறுபடி முதலிலிருந்தா?

லண்டனில் 96 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வில், ஒரு புதிய செயல் யோசிக்காமலே செய்யும் பழக்கமாக மாறச் சராசரியாக 66 நாள் பிடித்தது. சிலருக்கு மூன்று வாரத்துக்குள் முடிந்தது, சிலருக்குப் பல மாதம் ஆகும் போலிருந்தது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனது பழக்கம் படிவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. ஆகவே ஒரு நாள் தவறியதற்காக வாரத்தையே கைவிட வேண்டாம்.

சில வாரம் விட்டிருந்தால் மூச்சுத் திறன்தான் முதலில் இறங்கியிருக்கும், தசை வலு இன்னும் கொஞ்ச நாள் தாங்கும். முன்பு பயிற்சி எடுத்த உடம்பு முதல் தடவையைவிடச் சீக்கிரம் பழைய நிலைக்கு வந்துவிடும். விட்ட இடத்திலிருந்தே தொடங்கி உடம்பைப் புண்ணாக்கிக்கொள்ளாதீர்கள். முன்பு 40 நிமிடம் நடந்தவர் முதல் வாரம் 20 நிமிடம் நடக்கட்டும், வேகத்தையும் குறைத்துக்கொள்ளட்டும். மூச்சு சிரமமில்லாமல் இருந்தால் அடுத்த வாரம் ஐந்து நிமிடம் கூட்டலாம்.